பசித்த வயிற்றோடு பாடிய கொடுமுடி கோகிலம்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் நம் ஊர்க் கோயில்களின் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் தவறாமல் கேட்கும். பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு மலையேறிவிட்ட முருகனை ஒரு மூதாட்டி சமாதானப்படுத்தும் பாட்டு அது. குழைவும் கொஞ்சலும் இல்லாத, கோயில் மணியைப் போன்ற கணீர்க் குரல். உங்களில் பலருக்கு அந்தக் குரல் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. வீட்டில் பாட்டியைக் கேளுங்கள். 'அது ஔவையார்' என்றுதான் முதலில் சொல்வார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கே.பி.சுந்தராம்பாள் என்பார்.

அந்த இரண்டு முன்னெழுத்துகளிலேயே ஒரு கதை இருக்கிறது. 'கே' என்பது கொடுமுடி, அவர் பிறந்த ஊர். 'பி' என்பது பாலாம்பாள், அவருடைய அம்மா. அப்பாவின் பெயரை முன்னால் போட்டுக்கொள்வதுதான் நம்மிடையே வழக்கம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் தாயின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஊரறிய நின்றார் என்றால், வளர்த்து ஆளாக்கியது யார் என்பதை அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இன்றைய ஈரோடு மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கே 1908ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி சுந்தராம்பாள் பிறந்தார். தந்தையின் ஆதரவு அந்தக் குடும்பத்துக்கு நெடுநாள் நீடிக்கவில்லை. சுந்தராம்பாளோடு ஒரு தம்பி, ஒரு தங்கை. மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பாலாம்பாள் பட்ட பாட்டுக்குக் கணக்கில்லை. நிலம் கிடையாது, நிலையான வருமானம் கிடையாது. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது, அடுப்பில்தான் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் விலைபோகக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூத்த பெண்ணின் குரல்.

ஈரோட்டிலிருந்து திருச்சிக்குப் போகும் இருப்புப்பாதை கொடுமுடி வழியாகச் செல்கிறது. சிறுமி சுந்தராம்பாள் ரயில் பெட்டிகளில் ஏறிப் பாடினார். பயணிகள் கொடுத்த காசு வீட்டுக்குப் போனது. பெரிய கலைஞர்களின் வாழ்க்கையை எழுதுபவர்கள் சிலர் இந்த இடத்தைக் கொஞ்சம் பூசி மெழுகிவிடுவார்கள். பாட்டின் மீதிருந்த ஆசையால் பாடினார் என்று எழுதிவிட்டுக் கடந்து போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசை இருந்திருக்கலாம். ஆனால் அவரை ரயிலில் ஏற்றியது பசி. இரும்புச் சக்கரங்களின் இரைச்சலை மீறி, பெட்டியின் கடைசி மூலையில் இருப்பவருக்கும் கேட்டால்தான் காசு. பின்னாளில் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் ஆயிரக்கணக்கானோரை அவர் குரல் எட்டியது என்று வியக்கிறார்களே, அதற்கான பயிற்சி எங்கே தொடங்கியது என்று நினைக்கிறீர்கள்?

அப்போது திருச்சியில் எஃப்.ஜி.நடேச ஐயர் என்ற ரயில்வே அதிகாரி இருந்தார். அலுவலகத்தில் அதிகாரி, மாலையானால் நடிகர். நாடகத்துக்கும் சங்கீதத்துக்கும் தன் நேரத்தையெல்லாம் கொடுத்தவர். எம்.எஸ்.சுப்புலட்சுமி முதன்முதலில் திரையில் தோன்றிய 'சேவாசதனம்' (1938) படத்தில் அவருக்குக் கணவராக நடித்தவர் இவர்தான். ரயிலில் பாடிய சிறுமியின் குரல் இந்த மனிதரின் காதில் விழுந்தது. மற்றவர்களைப் போல் அவரும் ஒரு காசைப் போட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்வதற்கு அந்தப் பெண்ணுக்கு வழி செய்துவிட்டார். அப்போது சுந்தராம்பாளுக்குப் பத்து வயதை ஒட்டிய பருவம்.

முதலில் கிடைத்தது ஓர் ஆண் வேடம். 'நல்லதங்காள்' நாடகத்தில் மூத்த மகன். நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பஞ்சத்தால் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டை நாடி வருகிறாள். அண்ணியின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுந்து சாகிறாள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் வயிறு பசிக்கிறதென்று தாயிடம் பாடும் இடத்தில் கொட்டகையே அழுததாம். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பசியை நடித்துக் காட்ட வேண்டிய தேவையே இல்லாத பிள்ளை அல்லவா அங்கே நின்று பாடியது.

அந்தக் காலத்து நாடகம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால்தான் இந்தப் பெண்ணின் உழைப்பு புரியும். இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். மைக் கிடையாது. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கதாநாயக வேடத்துக்கு ராஜபார்ட், நாயகி வேடத்துக்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். வசனத்தைவிடப் பாட்டே அதிகம். எதிரே நிற்பவர் ஒரு ராகத்தை எடுத்து விரித்தால், இவர் அதற்கு மேல் ஒரு படி ஏறிக் காட்ட வேண்டும். தோற்றால் கொட்டகை சிரிக்கும், அடுத்த ஊரில் கூலி குறையும். பள்ளிக்கூடத்தில் அமர்ந்து சங்கீதம் கற்க சுந்தராம்பாளுக்கு வாய்ப்பில்லை. மேடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பெண் வேடம், ஆண் வேடம் இரண்டிலும் பெயரெடுத்தார். நாடகக்காரி என்றால் இளக்காரமாகப் பார்த்த காலம் அது. இரவில் கைதட்டியவர்களே பகலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கடல் கடந்து இலங்கையிலும் அவர் நாடகங்களுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. 1926இல் கொழும்பு மேடையில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி.கிட்டப்பா அப்போது தமிழ் மேடையின் முடிசூடா மன்னர். வயது இருபதுதான். சின்னஞ்சிறு வயதிலேயே மேடையேறியவர். உச்ச ஸ்தாயியில் அவர் சஞ்சரிக்கும்போது கூட்டம் மூச்சுவிட மறந்துவிடும் என்பார்கள். அவரோடு ஜோடி சேர்ந்து பாட யாருக்கும் துணிச்சல் வராது. சுந்தராம்பாள் துணிந்தார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வேலன், இவர் வள்ளி. இரண்டு பெரிய குரல்கள் மோதின. யாரும் தோற்கவில்லை.

மறு ஆண்டு, 1927இல், இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. ஆண் இரண்டாம் தாரம் கட்டுவதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அந்தக் குடும்பத்தில் சுந்தராம்பாளின் இடம் எது என்பது கடைசி வரை சிக்கலாகவே இருந்தது. மேடையில் அவர்களைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. இசைத்தட்டுகள் வந்தன. வீட்டுக்குள் பிரிவும் சந்தேகமும் மனத்தாங்கலும் இருந்தன. கணவருக்கு அவர் எழுதிய கடிதங்களில் சில பின்னாளில் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் அன்பும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அடங்கிப்போகும் பெண்ணின் கடிதங்கள் அல்ல அவை. குடிப்பழக்கமும் நோயும் கிட்டப்பாவை உருக்கின. 1933 டிசம்பர் 2ஆம் தேதி அவர் காலமானார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன். இருபத்தைந்து வயது. இன்று பல்கலைக்கழகப் படிப்பை முடித்து முதல் வேலையில் சேர்ந்திருக்கும் அக்காமார்களின் வயது. அந்த வயதில், கைம்பெண் எதிரே வந்தாலே சகுனத்தடை என்று ஒதுங்கிய ஊரில், மேடையை நம்பியே பிழைத்த ஒரு பெண் விதவையானார். நகைகளைக் கழற்றினார். வெள்ளைக் கதர்ச் சேலை உடுத்தினார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சாகும் வரை அந்த முடிவு மாறவில்லை.

இதைக் கணவர் மீது கொண்ட பக்தி என்று புகழ்பவர்கள் உண்டு. சமூகம் ஒரு பெண்ணின் மேல் போட்ட விலங்கு என்று வருந்துபவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். என் கண்ணுக்குப் படுவது வேறொன்று. வெள்ளைச் சேலை கட்டிய பெண் மூலையில் உட்கார வேண்டும் என்பதுதான் அன்றைய விதி. இவர் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடையின் நடுவில் வந்து நின்றார். நாடகக்காரி என்று இளக்காரமாகப் பார்த்தவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்கள். தனக்கு விதிக்கப்பட்ட உடையையே தன் அடையாளமாக மாற்றிக்கொண்ட கெட்டிக்காரத்தனம் எல்லாருக்கும் வந்துவிடாது.

கதர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சுதந்திரப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி, மக்களைத் திரட்டக் கலைஞர்களின் குரல் வேண்டும் என்று நம்பியவர். அவர் கூட்டங்களில் சுந்தராம்பாள் பாடினார். வானொலிப் பெட்டிகூடப் பெரும்பாலோர் வீட்டில் இல்லாத அந்நாளில், தலைவர் பேசுவதைக் கேட்க நூறு பேர் வந்தால் இவர் பாட்டைக் கேட்க ஊரே வந்தது. பாட்டைக் கேட்க வந்தவர்கள் பேச்சையும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இனி சினிமாவுக்கு வருவோம். தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது 1931இல். நான்கு ஆண்டுகள் கழித்து, நந்தனார் கதையைப் படமாக்க அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் சுந்தராம்பாளைத் தேடி வந்தார். அவருக்கோ நடிக்க விருப்பமில்லை. கேட்டதும் ஓடிவிடட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் வேண்டுமென்றார். தயாரிப்பாளர் ஓடவில்லை. சரி என்றார்.

ஒரு லட்சம் என்றால் இன்று உங்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது ஒரு சவரன் தங்கம் 30 ரூபாய்க்குள் கிடைத்தது. ஒரு லட்சத்துக்கு மூவாயிரம் சவரனுக்கு மேல் வாங்கலாம். சவரன் எட்டுக் கிராம். ஆக, 24 கிலோவுக்கும் அதிகமான தங்கம்! அதுவரை தமிழ்த் திரையில் ஆணோ பெண்ணோ யாரும் தொட்டிராத சம்பளம். ரயில் பெட்டியில் காசுக்காகக் கையேந்திய பிள்ளைக்கு அப்போது வயது 27கூட நிரம்பியிருக்குமோ என்னவோ.

அவர் ஏற்ற வேடத்தையும் கவனியுங்கள். நந்தனார் ஓர் ஆண். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்ததால் தில்லைக் கோயிலுக்குள் போக முடியாமல் ஏங்கிய பக்தர். ஆண்களோடு ஜோடி சேர மாட்டேன் என்ற பெண், ஆணாகவே வேடமிட்டுக்கொண்டார்! சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். மாணிக்லால் டாண்டன் இயக்கிய 'பக்த நந்தனார்' 1935இல் வெளிவந்தது. விளம்பரம் வானத்தைத் தொட்டது, படம் அந்த அளவுக்கு எடுபடவில்லை. விமர்சகர்கள் கடுமையாகவே எழுதினார்கள். மேடையில் அவரைக் கண்டு கண்ணீர் விட்ட கூட்டம் திரையில் அவரை ஆண் வேடத்தில் ஏற்கத் தயங்கியது. 1940இல் 'மணிமேகலை' வந்தது. அதன் பிறகு நெடுங்காலம் அவர் திரைப்பக்கம் வரவில்லை.

இடையில் நாடு விடுதலை பெற்றது. 1951இல் சுந்தராம்பாள் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமியற்றும் அவை ஒன்றுக்குள் அடியெடுத்து வைத்த முதல் திரைக்கலைஞர் அவர்தான். சினிமாவிலிருந்து அரசியலுக்கு வந்தவர்கள் என்று பட்டிமன்றங்களில் பெரிய பட்டியல் வாசிக்கிறோமே, அதன் முதல் பெயரை மட்டும் பலரும் விட்டுவிடுகிறோம்.

பிறகுதான் 'ஔவையார்'. ஜெமினி நிறுவனத்தின் எஸ்.எஸ்.வாசன் பெரும் பொருட்செலவில் எடுத்த படம். கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். 1953இல் வெளியானது. இளம் வயது ஔவையாக வேறொரு நடிகை வருவார். முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்ற பிறகு சுந்தராம்பாள் வருவார். அந்த நொடியிலிருந்து படம் அவருடையது. காதல் இல்லை, கதாநாயகன் இல்லை, நடனமாடும் நாயகி இல்லை. கையில் கோலூன்றிய ஒரு கிழவி ஊர் ஊராக நடக்கிறாள், பாடுகிறாள், அரசர்களுக்குப் புத்தி சொல்கிறாள். யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியைப் பார்த்துப் பிள்ளைகள் வாய்பிளந்தார்கள். படம் பெரும் வெற்றி. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை நாயகியாக வைத்து இன்று யாராவது அத்தனை பணத்தைக் கொட்டுவார்களா? எனக்குச் சந்தேகம்தான். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் நாம் பள்ளியில் படித்தபோது மனக்கண்ணில் தோன்றிய ஔவையின் முகம் யாருடையது என்று எண்ணிப் பாருங்கள். சங்க காலத்து ஔவையையோ பிற்கால ஔவையையோ பார்த்தவர் யாருமில்லை. தமிழர்களின் நினைவில் ஔவைக்கு முகம் கொடுத்தவர் இவர்.

1964இல் 'பூம்புகார்'. வசனம் மு.கருணாநிதி. கண்ணகிக்கும் கோவலனுக்கும் துணையாக மதுரைக்கு வரும் சமணத் துறவி கவுந்தியடிகளாகச் சுந்தராம்பாள் நடித்தார். எழுதியவர் பகுத்தறிவு இயக்கத்தவர், நடித்தவர் முருக பக்தை. ஒருவர் தி.மு.க., மற்றவர் காங்கிரஸ். பாட்டு ஒன்றில் தெய்வம் எங்கே போனது என்று கேட்கும் விதமாக ஒரு வரி இருந்தது. அதைப் பாட மாட்டேன் என்று சுந்தராம்பாள் மறுத்துவிட்டார். தெய்வம் வந்துவிட்டது என்று பொருள்படும்படி வரி மாற்றப்பட்ட பிறகே பாடினார். யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் வாதாடலாம். கொள்கையில் எதிரெதிராக நின்ற இருவர், ஒருவரை ஒருவர் மதித்து ஒரு நல்ல படத்தை முடித்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மறு ஆண்டு 'திருவிளையாடல்'. மீண்டும் ஔவை. தைப்பூசத்தில் நாம் கேட்கும் அந்தப் பாட்டு இந்தப் படத்தில்தான் வருகிறது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் குரல் இறங்குவது இயல்பு. அவர் பாடிய உயரத்தைக் கேளுங்கள். முடிந்தால் கூடவே பாடிப் பாருங்கள், அதே சுருதியில். நான் முயன்று பார்த்திருக்கிறேன். இரண்டாவது வரிக்கே மூச்சு முட்டியது. அடுத்து 'மகாகவி காளிதாஸ்', 'கந்தன் கருணை' என்று படங்கள் வந்தன. 1969இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. இந்திய அரசு 1970இல் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது.

அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. நந்தனார், மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். மணிமேகலை அமுதசுரபியால் பசித்தவர்க்குச் சோறிட்டவள். காரைக்கால் அம்மையார் அழகும் இளமையும் வேண்டாமென்று பேயுருவைக் கேட்டு வாங்கியவர். ஔவை முதுமையைக் கேட்டு வாங்கியவர். ஜோடி சேர மாட்டேன் என்று இருபத்தைந்து வயதில் எடுத்த முடிவு கதவுகளை அடைத்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய பெண்களில் பலர் அந்தக் கதவு வழியாகவே அவரிடம் வந்து சேர்ந்தார்கள்.

காரைக்கால் அம்மையாருக்குப் பிறகு உடல் தளர்ந்தது. 1980இல் கே.பி.சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா மறைந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. வெள்ளைக் கதர்ச் சேலையை அவர் மாற்றவே இல்லை.